கடலோரம் குடிபெயர எண்ணும் பெற்றோர்க்கு

நிலத்தை ஐந்தாக வகுத்த பழந்தமிழர் கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் எனப் பெயரிட்டனர். நம் தோட்டத்து முன்னோரோ பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் கப்பலைவிட்டு இறங்கிய நாளில் கடலைக் கண்டவர்கள். அதன்பின் அவர்களுள் பலர்க்கு வாய்த்தவை பால்மரக் காடும் செம்பனைக் காடும் லயத்து வீடும்தான். இப்பொழுது அவர்தம் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் மீண்டும் கடலை நோக்கி நடக்கத் தலைப்பட்டுள்ளனர். துறைமுகத்தில் வேலை, தொழிற்சாலையில் வேலை, பட்டணத்து நடுவிலுள்ளதினும் விலை குறைந்த வீடு என்று காரணங்கள் பல. தோட்டத்து வீடு வேலை உள்ளவரையில்தான் நமக்குரியது. ஓய்வு பெறும் நாளில் சாவியைத் திருப்பித் தந்தாக வேண்டும். ஆதலின் சொந்த வீடு தேடுவோரை யாரும் குறை கூறுதல் இயலாது.

நம் பள்ளிப் பெற்றோர் சிலர் அண்மைக் காலத்தில் நம்மிடம் வந்து, "கடற்கரைப் பக்கம் போகலாமா, பிள்ளைகளுக்கு ஒத்து வருமா?" என்று வினவியுள்ளனர். தனியாள் ஒருவர் சம்பளத்தை மட்டும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். பிள்ளைகளோடு செல்பவர், பிள்ளையின் ஒரு நாள் அங்கே எவ்வாறு கழியும் என்பதையன்றோ முதலில் பார்க்க வேண்டும்? அவ்வினாவிற்கு நாம் அறிந்த அளவில் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீபகற்ப மலேசியாவிற்கு இரண்டு கடற்கரைகள் உண்டு. இரண்டும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளாயினும் குணம் வேறு. மேற்குக் கரைக்கு எதிரே சுமத்திராத் தீவு மதில்போல் கிடத்தலால் மலாக்கா நீரிணையில் பேரலை எழுவது அரிது. அலை ஓய்ந்த இடத்தில் சேறு படிகின்றது. சேற்றில் பாக்காவ் என நாம் வழங்கும் கண்டல் மரங்கள் வளர்கின்றன. ஆதலின் போர்ட்டிக்சன் போன்ற சில இடங்கள் நீங்கலாக, மேற்குக் கரையின் பெரும்பகுதி மணற்பரப்பன்று, சேற்றுப்பரப்பே. கிழக்குக் கரையோ தென்சீனக் கடலுக்கு நேர்முகமாக நிற்பது. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று அங்கே பெருமழையையும் பேரலையையும் கொணர்கின்றது. மீனவரே படகைக் கரையேற்றி வைக்கும் காலம் அது. நாட்காட்டியில் அழகிய படமாகக் காணப்படும் வெண்மணற் கரையைச் சூன் மாதத்தில் பார்த்துவிட்டு வீடு வாங்குபவர், திசம்பர் மாதத்தில் அதே கரையை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குவாராக.

மேற்குக் கரையில் நாம் முதன்மையாக அறிய வேண்டுவது ஓதம், அஃதாவது கடல்நீரின் ஏற்றமும் இறக்கமும். ஒரு நாளில் ஏறத்தாழ இரு முறை நீர் ஏறி, இரு முறை இறங்கும். நேற்று ஏறிய நேரத்திற்கு இன்று ஏறாது. ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் கதிரவனும் திங்களும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுப்பதால் ஏற்றம் மிகும். கிள்ளான் துறைமுகத்தில் அத்தகைய நாள்களில் ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் உள்ள வேறுபாடு 4 மீட்டர் அளவை எட்டுகின்றது. ஒரு மாடி வீட்டின் கூரை விளிம்பைவிட உயரமான அளவு அது! வடக்கே பினாங்கில் அதில் ஏறத்தாழ பாதியளவே காணலாம்.

இனி நிலத்தைப் பாருங்கள். சபாக் பெர்ணம், கோலசிலாங்கூர், கேரித்தீவு, பாகான் டத்தோ முதலிய பகுதிகளில் கடலோரத் தாழ்நிலம் பெரும்பாலும் மண் அணையாலும் நீர்க்கதவாலும் காக்கப்படுகின்றது. நீர் இறங்கும்போது கதவு திறந்து உள்ளேயுள்ள மழைநீரை வெளியே விடும். ஏறும்போது மூடிக் கடலைத் தடுக்கும். பெருமழையும் பேரோதமும் ஒரே வேளையில் வந்தால் என்னவாகும்? கதவு மூடியே இருக்க வேண்டும். மழைநீர் உள்ளேயே தேங்க வேண்டும். மழை நின்ற பின்னும் முற்றத்தில் நீர் வடியாமல் நிற்பதன் காரணம் இதுவே. அன்றியும் சேற்று நிலமும் கரிமண் நிலமும் நீர் வடிய வடியச் சுருங்கித் தாழும் தன்மையுடையன. உலகக் கடல்மட்டமோ சராசரியாக ஆண்டுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை உயர்ந்து வருகின்றது. ஓர் ஆண்டிற்கு இஃது ஒரு நெல்மணியின் பருமனளவே. எனினும் முப்பது ஆண்டு தவணை கட்டும் வீட்டிற்கு முப்பது நெல்மணிகளையும் அடுக்கிப் பார்க்கத்தானே வேண்டும்?

ஆகவே வீட்டைப் பார்க்கச் செல்லும் நாளை நாட்காட்டியைக் கொண்டு தேர்ந்தெடுங்கள். தமிழ் நாட்காட்டி நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகின்றது. பௌர்ணமிக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, நீர் உச்சத்தில் நிற்கும் நேரத்தில் செல்லுங்கள். இறக்க வேளையில் சென்று, வறண்ட கால்வாயையும் காய்ந்த முற்றத்தையும் கண்டு மனம் நிறைந்து முன்பணம் கொடுத்தவர் கதையை நாம் கேட்டிருக்கின்றோம். தரகர் எந்நேரத்தில் அழைத்துச் செல்கின்றார் என்பதையும் சற்றுக் கவனித்தல் நன்று.

அங்கே சென்றதும் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். பழைய நீர்க்கறை எவ்வளவு உயரம் ஏறியுள்ளது என்று அது சொல்லும். வீடு ஆழமாக அறைந்த தூண்களின்மேல் நிற்கும். முன்முற்றமோ வெறும் மண்ணின்மேல் நிற்கும். மென்மண் தாழும்போது முற்றம் மட்டும் அமிழ்ந்து, வாயிற்படிக்கும் அதற்கும் இடையே பிளவு தோன்றும். ஒரே வரிசையில் பல வீடுகளில் அப்பிளவு காணப்பட்டால், புதிதாகப் பூசிய வண்ணத்தைக் கண்டு மயங்குதல் கூடாது. தண்ணீர்க் குழாயைத் திறந்து நீரின் வேகத்தைப் பாருங்கள். கடலோரக் கிணறு பல இடங்களில் உவர்ப்பது இயல்பு. அதனை நம்பியிருத்தல் இயலாது. உப்புக் காற்றில் தகரக் கூரையும் மோட்டார் சைக்கிளும் விரைவில் துருப்பிடிக்கும். இதனைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதிக்கொண்டால் போதும்.

கடற்கரையையே வீட்டு வாயிலாகக் கொள்ள விரும்புவோர்க்கு இன்னொன்று. 1985ஆம் ஆண்டில் முடிவுற்ற தேசியக் கடற்கரை அரிப்பு ஆய்வின்படி, நாட்டின் ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் கடற்கரையில் கால் பங்கிற்கு மேல் அரிப்புக்கு உள்ளாகியிருந்தது. கண்டல் மரங்களை வெட்டிவிட்டுக் கடலைப் பார்க்க வழி செய்துகொண்ட இடங்களில், கடலும் நம்மைப் பார்க்க வழி கண்டுகொள்கின்றது.

உடல்நலம் பற்றிக் கூறுமிடத்துப் பழைய வரலாறு ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1972ஆம் ஆண்டில் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய போர்ட் சுவெட்டன்ஹாம், 1901ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் திறக்கப்பட்டது. கண்டற் சதுப்பை வெட்டி அமைத்த அவ்விடத்தில் சில வாரங்களுக்குள் மலேரியாக் காய்ச்சல் பரவித் தொழிலாளரை வீழ்த்தியது. துறைமுகத்தையே மூட நேர்ந்தது. மருத்துவர் மால்கம் வாட்சன் என்பார் முன்னின்று சதுப்பைத் தூர்த்து, கால்வாய் வெட்டி, நீரை வடியச் செய்த பின்னரே காய்ச்சல் தணிந்தது. ஊரின் நலம் கால்வாயில் இருக்கின்றது என்பதை அன்றே கண்டனர். இன்று மலேரியாவின் அச்சம் அங்கில்லை. டெங்கிக் காய்ச்சல் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எனவே வீட்டிற்குள் நுழையுமுன் பின்பக்கக் கால்வாயில் நீர் ஓடுகின்றதா, நிற்கின்றதா என்று பாருங்கள். அருகில் மருத்துவமனையோ அரசு மருந்தகமோ எவ்வளவு தொலைவு என்பதைப் பகலில் மட்டுமன்று, நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எவ்வாறு செல்வோம் என்றும் எண்ணிப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே, இப்பகுதியை நீங்களும் படியுங்கள். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 8.58 மணிக்குச் சுமத்திராவின் அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. நண்பகலுக்குப் பின்னரே ஆழிப்பேரலை பினாங்கையும் கெடாவின் கோலமூடாவையும் தாக்கியது. இடையில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இருந்தும் எச்சரிப்பார் இல்லை. விடுமுறை நாளாதலால் கரையில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தனர். நம் நாட்டில் 68 பேர் மாண்டனர்; அவர்களுள் பெரும்பாலோர் பினாங்கு மாநிலத்தில் மாண்டவர்கள். அதன்பின் கரையோரங்களில் எச்சரிக்கைச் சங்குகள் நிறுவப்பட்டன. சங்கு ஒலித்தாலோ, கடல் வழக்கத்திற்கு மாறாக உள்வாங்கி மீன்கள் துள்ளக் கண்டாலோ, மீன் பொறுக்க ஓடாதீர்கள். மேட்டை நோக்கி ஓடுங்கள்.

ஆழிப்பேரலை வாழ்நாளில் ஒருமுறை வருவதே அரிது. நாள்தோறும் காத்திருக்கும் ஆபத்து வேறு. கடலோர ஊர்களில் வீட்டிற்கும் சாலைக்கும் இடையே பாரிட் எனப்படும் ஆழ்ந்த கால்வாய் ஓடும். அதன்மேல் கைப்பிடியில்லாத பலகைப் பாலம் கிடக்கும். தவழும் குழந்தையுள்ள வீட்டிற்குக் கடலைவிட அக்கால்வாயே அச்சம் தருவது என்பது நம் கருத்து. சேற்றுக் கரையில் நீர் இறங்கியபின் சிப்பி பொறுக்கச் செல்லும் சிறுவர் முழங்காலளவு புதைந்து நிற்க, நீர் திரும்பி வருதலும் உண்டு. கிழக்குக் கரை மணலிலோ அலைக்கு அடியில் உள்ளிழுக்கும் நீரோட்டம் இருக்கும். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர்க்கு நீந்தத் தெரியாது. குடிபெயர்ந்த முதல் ஆண்டிலேயே நீச்சல் பழக்குதல் வேண்டும். அதற்காகும் செலவு வீண் செலவன்று.

நிற்க. தலைமையாசிரியர் ஒருவர் எழுதும் கட்டுரையில் பள்ளியைப் பற்றி இவ்வளவு பின்னர்க் கூறுவது ஏன் என்று சிலர் கேட்கலாம். வீடு நிலைத்தால்தான் பிள்ளை பள்ளியில் நிலைக்கும் என்பதனால் அவ்வாறு செய்தோம். ஓராண்டு ஓரிடம், மறு ஆண்டு வேறிடம் என அலையும் பிள்ளை எத்துணை அறிவுடையதாயினும் பாடத்தில் பின்தங்குவதை நாம் கண்கூடாகக் கண்டுள்ளோம்.

மேற்குக் கரையில் தமிழ்ப்பள்ளிக்குப் பஞ்சமில்லை. கிள்ளான் வட்டாரம், கேரித்தீவு, கோலசிலாங்கூர், பாகான் டத்தோ, போர்ட்டிக்சன், நிபோங் திபால் என எங்கு சென்றாலும் விசாரித்தால் பள்ளி கிடைக்கும். கிழக்குக் கரையில் நிலைமை வேறு. பகாங் மாநிலத்தில் குவாந்தான் நகரில் தமிழ்ப்பள்ளி உண்டு. திரங்கானு மாநிலத்தில் ஒன்றும் இல்லை. கிளந்தான் மாநிலத்தில் ஒன்றே ஒன்று. அதுவும் கடலோரத்தில் அன்று, உள்நாட்டில் கோலக்கிராய் வட்டாரத்தில். அம்மாநிலங்களுக்குச் சிறு பிள்ளைகளோடு செல்பவர், தமிழெழுத்தைத் தம் வீட்டுத் திண்ணையிலேயே கற்பிக்க வேண்டியிருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டே செல்லுதல் வேண்டும். மாலையில் களைத்து வரும் தந்தைக்கும் தாய்க்கும் அஃது எளிதன்று.

ஊரில் பள்ளி உண்டு என்று அறிவது மட்டும் போதாது. வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு காலை வேளையில், பள்ளி நேரத்தில், பிள்ளையோடு சென்று பாருங்கள். துறைமுகச் சாலைகளில் கொள்கலன் ஏற்றிய லாரிகள் இடைவிடாது ஓடும். நடந்து செல்லும் பிள்ளை அவற்றைக் கடக்க வேண்டுமா? பேருந்துக் கட்டணம் மாதம் எவ்வளவு? பெருநீர் ஏறும் நாளில் அச்சாலை மூழ்குமா? இவற்றைப் பள்ளிக் காவலாளியிடமும் சிற்றுண்டிச்சாலை அம்மையாரிடமும் கேட்டால் உண்மை கிடைக்கும்.

இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளையுள்ளோர் அங்குத் தமிழ் வகுப்பு நடைபெறுகின்றதா என்று கேட்டறிதல் வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கோரினால், நடைமுறைக்கு இயன்றவிடத்துத் தமிழ் கற்பிக்க வேண்டும் என்கின்றது. பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் மூவர் சென்று சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும். ஆனால் கோரிக்கையை எழுத்தில் தந்தாக வேண்டும். வாய்ச்சொல் அலுவலகக் கோப்பில் ஏறாது. உறவினரோ தோட்டத்து அண்டை வீட்டாரோ இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே ஊருக்குச் செல்வதன் பயன் இங்கேதான் விளங்கும். தனித்துச் செல்வதினும் சேர்ந்து செல்வதையே நாம் விரும்புகின்றோம்.

ஒவ்வொரு குடும்பம் வெளியேறும்போதும் நம் பள்ளியின் பெயர்ப்பதிவேட்டில் இரண்டு மூன்று பெயர்கள் குறைகின்றன. மாணவர் தொகை குறைந்தால் பள்ளியின் எதிர்காலம் என்னாகும் என்பதை யாவரும் அறிவர். அதற்காக எந்தப் பெற்றோரையும் "போகாதீர்" என்று தடுக்க நாம் ஒருப்படோம். பெற்றோரின் வறுமையின்மேல் பள்ளியை நிறுத்துதல் நெறியன்று. பள்ளியாண்டின் நடுவில் செல்ல வேண்டா என்பதொன்றே நாம் கேட்பது. ஆண்டிறுதி விடுமுறையில் செல்வதே பிள்ளைக்கு நன்று. கிழக்குக் கரைக்குச் செல்வோர்க்கு அதுவே மழைக்காலமாதலால், தட்டுமுட்டுகளை ஏற்றுமுன் வழியில் வெள்ளம் உண்டா என்று கேட்டறிக.

பள்ளி மாற்றத்திற்கு, செல்லும் ஊரில் வீடு வாங்கியதையோ வாடகைக்கு எடுத்ததையோ காட்டும் தாளும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும், பெற்றோர் இருவரின் அடையாள அட்டை நகலும் ஆயத்தமாக இருத்தல் நன்று. புதிய பள்ளியில் இடம் உறுதியானதாக மாவட்டக் கல்வி அலுவலகம் தெரிவிக்கும்வரை இங்குள்ள பெயரை நீக்க வேண்டா. விண்ணப்பம் நிரப்ப அறியாதோர் எந்தப் பள்ளி நாளிலும் நம் அலுவலகத்திற்கு வரலாம். நாமே உடனிருந்து நிரப்பித் தருவோம்.