கடலோரச் சூழலில் டிக் பற்றவைப்பு: தொடக்கநிலைக் கற்போரின் இணைப்புத் தரத்தை உயர்த்தும் வழிமுறைகள் (இராமநாதபுரம் – இராமேசுவரம் கடற்கரையை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

டங்ஸ்டன் மின்முனையையும் மந்தவாயுவையும் கொண்டு உலோகங்களை இணைக்கும் முறை டிக் பற்றவைப்பு எனப்படும். இதனைப் புதிதாகக் கற்போர் இணைப்பு வரியின் புறத்தோற்றத்தையே தரத்தின் அளவுகோலாகக் கொள்கின்றனர். காற்றும் உப்பும் மிகுந்த இராமநாதபுரம் – இராமேசுவரம் கடற்கரையில் இவ்வளவுகோல் போதுமானதன்று. இச்சூழலில் கைப்பயிற்சிக்கு முன்னரே காப்புவாயுவைக் காத்தலும் பரப்பைத் தூய்மை செய்தலும் கற்பிக்கப்பட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: டிக் பற்றவைப்பு, ஆர்கான், காப்புவாயு, உப்பரிப்பு, துருப்பிடிக்காத எஃகு, தொழிற்பயிற்சி.

முன்னுரை

1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய பாம்பன் இரயில் பாலத்தின் எஃகு உத்திரங்கள் தறையாணிகளால் இணைக்கப்பட்டவை. உப்பரிப்பால் நலிவுற்ற அப்பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் தறையாணிகளின் இடத்தைப் பற்றவைப்பு பெற்றுள்ளது. அரிப்பைத் தடுக்கப் பாலிசிலாக்சேன் பூச்சும் துருப்பிடிக்காத எஃகு வலுவூட்டுக் கம்பிகளும் அதில் பயன்படுத்தப்பட்டுள்ளன. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் களநிலையம் ஒன்றை அமைத்தமையும் இக்கடற்கரையின் இயல்பை உணர்த்தும்.

பாலத்தின் தடித்த உத்திரங்கள் டிக் முறைக்கு உரியவை அல்ல. மெல்லிய தகடு, குழாய், கைப்பிடிச் சட்டம், நீர்த்தொட்டி, மீன் பதப்படுத்தும் கூடங்களின் மேசை ஆகியவற்றுக்கே அம்முறை பெரிதும் ஏற்றது. அளவில் சிறியவையாயினும் இவையும் அதே உப்புக்காற்றில்தான் நிற்கின்றன. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களின் ஓராண்டு வெல்டர் பாடப்பிரிவில் டிக் முறையும் இடம்பெறுகிறது. எனவே தொடக்கநிலைப் பயிற்சியைச் சூழலோடு பொருத்திக் காண்பது தேவையாகிறது.

செயல்முறையின் அடிப்படை

இம்முறை 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் மக்னீசியத்தை இணைக்கும் பொருட்டு ரஸ்ஸல் மெரிடித் என்பவரால் உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ 3,400 டிகிரி செல்சியசில் உருகும் டங்ஸ்டன் முனைக்கும் பணிப்பொருளுக்கும் இடையே மின்வில் தோன்றுகிறது. அதன் வெப்பத்தில் உலோகம் உருகிச் சிறு குளமாகத் திரள்கிறது. நிரப்புக்கம்பி மற்றொரு கையால் அக்குளத்தில் சேர்க்கப்படுகிறது. குச்சிவில் முறையில் மின்முனையின் மேற்பூச்சு எரிந்து கசடாகிக் குளத்தை மூடும். டிக் முறையில் கசடு இல்லை. ஆர்கான் வாயுவே ஒரே காப்பு. அது விலகினால் உருகிய உலோகம் காற்றிலுள்ள ஆக்சிசனோடும் நைட்ரசனோடும் வினைபுரியும். தொடக்கநிலைக் கற்போரின் குறைகள் பலவும் இவ்விடத்திலேயே தோன்றுகின்றன.

காற்றும் காப்புவாயுவும்

பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரை எட்டினால் இரயில்கள் நிறுத்தப்பட்டன. அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதிமுறை, வாயுக்காப்புப் பற்றவைப்புக்கு வகுத்துள்ள காற்று வரம்போ மணிக்கு 8 கிலோமீட்டர் மட்டுமே. மரத்தின் இலைகளை அசைக்கும் மென்காற்றே இவ்வரம்பை எட்டிவிடும். இக்கடற்கரையில் திறந்த வெளியில் டிக் பயிற்சி ஏன் தோல்வியுறுகிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

வாயுவின் அளவைக் கூட்டுவது இதற்குத் தீர்வாகாது. நிமிடத்திற்கு 7 முதல் 12 லிட்டர் வரையிலான ஓட்டம் பெரும்பாலான பயிற்சிப் பணிகளுக்குப் போதும். மிகுதியாகத் திறந்தால் ஓட்டம் சுழித்து, வெளிக்காற்றைத் தானே உள்ளிழுக்கும். பணியிடத்தைத் திரையிட்டு மறைப்பதே முறை. எனினும் ஆர்கான் காற்றைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு அடர்த்தியானது, மணமற்றது. தொட்டியின் உட்பகுதி, படகின் கீழறை போன்ற மூடிய இடங்களில் அது அடியில் தேங்கி மூச்சடைப்பை உண்டாக்கும். ஆகவே காற்றுத்தடுப்பு, காற்றோட்டம் ஆகிய இரண்டையும் ஒருங்கே கற்பிக்க வேண்டும்.

உப்பும் தூய்மையும்

கடலோரப் பட்டறையில் வைக்கப்பட்ட தகட்டின்மீது கண்ணுக்குப் புலப்படாத உப்புப்படலம் படிகிறது. அது ஈரத்தை ஈர்க்கிறது. ஈரத்திலுள்ள ஐதரசன், குறிப்பாக அலுமினியத்தில், நுண்துளைகளை உண்டாக்கும். கம்பித்தூரிகை மட்டும் உப்பை முற்றிலும் நீக்குவதில்லை. முதலில் நன்னீரால் கழுவி உலர்த்த வேண்டும். பின்னர் அசிட்டோனால் எண்ணெய்ப்பசையைத் துடைத்து, அது முற்றும் ஆவியான பிறகே மின்வில்லை எழுப்ப வேண்டும். குளோரின் கலந்த கரைப்பான்களை அறவே தவிர்த்தல் வேண்டும். மின்வில்லின் புறஊதாக் கதிர்களால் அவற்றிலிருந்து பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு தோன்றும். நிரப்புக்கம்பியையும் துடைத்து, மூடிய குழாயில் வைத்துப் பேண வேண்டும். சாதாரண எஃகைத் தேய்த்த தூரிகையைத் துருப்பிடிக்காத எஃகில் பயன்படுத்தினால் ஒட்டிய இரும்புத்துகள்கள் துருப்பிடிக்கும்.

கைப்பயிற்சியின் படிநிலைகள்

முதற்படியில் நிரப்புக்கம்பியின்றித் தகட்டின்மீது குளத்தை மட்டும் நகர்த்திப் பழக வேண்டும். குளத்தின் அகலம் மாறாதிருந்தால் கை சீராகிவிட்டது எனக் கொள்ளலாம். சாதாரண எஃகிற்கு ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ 40 ஆம்பியர் என்பது தொடக்க அளவு. துருப்பிடிக்காத எஃகிற்கு அதனினும் சற்றுக் குறைவு. மின்வில்லின் நீளம் டங்ஸ்டனின் விட்டத்தை மிகாதிருத்தல் நன்று. டார்ச்சைச் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 15 டிகிரி சாய்த்து, வாயு முன்னோக்கிப் பாயுமாறு நகர்த்த வேண்டும்.

டங்ஸ்டன் முனை குளத்தில் பட்டுவிட்டால் உடனே நிறுத்தி, முனையை நீளவாக்கில் மீண்டும் தீட்ட வேண்டும். அவ்வாறே தொடர்ந்தால் மின்வில் அலைபாயும். டங்ஸ்டன் துகளும் இணைப்பினுள் சிக்கும். நிரப்புக்கம்பியின் சூடான நுனி வாயுக்காப்பை விட்டு வெளியேறலாகாது. மின்வில் அணைந்தவுடன் டார்ச்சை விலக்குவது கற்போரின் பரவலான பிழை. ஒவ்வொரு 10 ஆம்பியருக்கும் ஒரு நொடி என்னும் கணக்கில் பின்வாயு ஓடி முடியும்வரை டார்ச்சை அவ்விடத்திலேயே நிறுத்த வேண்டும்.

நிறத்தின் வழித் தரமறிதல்

துருப்பிடிக்காத எஃகில் காப்பின் நிறைவை இணைப்பின் நிறம் காட்டும். வெள்ளி நிறமும் வைக்கோல் நிறமும் நற்காப்பின் அடையாளங்கள், நீலம் எச்சரிக்கை, சாம்பலும் கருமையும் காப்புக் குலைவையோ மிகைவெப்பத்தையோ உணர்த்தும். இந்நிறப்படலம் உருவாகும்போது அதன் அடியிலுள்ள எஃகு குரோமியத்தை இழக்கிறது. குளோரைடு அவ்விடத்திலேயே முதலில் குழியரிப்பைத் தொடங்கும். சீரான அலைவரிகளுடைய சாம்பல்நிற இணைப்பு உள்நாட்டில் நெடுநாள் நிலைக்கக்கூடும்; கடலோரத்தில் அது விரைவில் பழுதுறும். எனவே நிறப்படலத்தை அமிலப்பசையாலோ தேய்ப்பாலோ முழுவதுமாக நீக்குதல் வேண்டும். குழாய் இணைப்புகளில் உட்புறத்திற்கும் ஆர்கான் செலுத்துதல் இன்றியமையாதது. 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கொண்ட 316எல் வகை எஃகு குளோரைடைக் கூடுதலாகத் தாங்கும்; எனினும் குறைபட்ட இணைப்பை அது ஈடுசெய்யாது.

முடிவுரை

கடலோரப் பயிற்சியில் திரையிடல், கழுவுதல், உலர்த்தல், பின்வாயு ஆகியவை முதற்பாடங்களாக அமைதல் வேண்டும். மாதிரித் துண்டுகளை மதிப்பிடும்போது இணைப்பின் நிறம், பின்புறத்தின் நிலை, வளைத்துப் பார்க்கும் சோதனையின் முடிவு ஆகியவற்றுக்கும் மதிப்பெண் வழங்கலாம். சில மாதிரிகளைக் கடற்காற்றுப்படும் இடத்தில் வைத்து, ஓராண்டுப் பயிற்சி முடியும்போது மீண்டும் பார்வையிடச் செய்தால், தம் இணைப்பைச் சூழல் எவ்வாறு சோதிக்கிறது என்பதை மாணவர்கள் நேரில் அறிவர். இதற்குத் தனிக்கருவி எதுவும் தேவையில்லை. பயிற்சி நிலையத்தின் மொட்டைமாடியே போதுமானது.