உங்களுக்குத் தெரியுமா? இதயத் துடிப்புக்குள் நுழையும் மின்சார இரைச்சல்

சிவகாசியில் ஈ.சி.ஜி. எடுத்தாலும் சென்னையில் எடுத்தாலும், நெஞ்சில் ஒட்டும் மின்முனைகள் பிடிக்கும் இதயச் சமிக்ஞை ஏறத்தாழ 1 மில்லிவோல்ட்தான். சுவருக்குள் ஓடும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதையே மூழ்கடித்துவிடக்கூடும். இரு மின்முனைகளிலும் பொதுவாக வருவதைக் கருவி கழித்துவிடும். மிச்சத்தை வடிகட்டி நீக்கும். தசை நடுக்கம்தான் பெரிய தலைவலி. அதன் அதிர்வெண்கள் இதயத்தின் அதிர்வெண்களோடு கலந்திருப்பதால், கடுமையாக வடிகட்டினால் இதயத்தின் கூரிய அலையும் மழுங்கிப்போகும்.

சிவகாசி மெப்கோ ஷ்லெங்க், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் என 1984இல் தொடங்கிய இரு பொறியியல் கல்வி நிறுவனங்களிலும் மாணவர்கள் இப்படிச் சமிக்ஞையை இரைச்சலிலிருந்து பிரிக்கும் நுட்பங்களைப் படிக்கிறார்கள்.

மருத்துவத் தகவலை வயர்லெஸ்ஸில் தொலைதூரம் அனுப்பும்போது சிக்கல் வேறு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள் நீண்டதூர வைஃபை வழியே கிராம மையங்களில் இருந்த நோயாளிகளை வீடியோவில் பார்த்தார்கள். சாதாரண வைஃபை ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் 'வந்தது' என்ற பதிலுக்குக் காத்திருக்கும். தொலைவால் பதில் தாமதமானால், பொட்டலம் தொலைந்ததாகக் கருதி மறுபடி அனுப்பும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பதில்களை மொத்தமாக அனுப்பவும் பிழைதிருத்தும் உபரித் தகவலைச் சேர்க்கவும் வழி செய்தார்கள். வில்ட்நெட் என்ற பெயரில் 2007இல் அது வெளியானது. நம் பக்கத்துக் கிராமங்களுக்குக் கிடைத்த அருமையான பொறியியல் இது.

அடுத்தமுறை ஈ.சி.ஜி. எடுக்கும்போது பேசாமல், கைகால்களைத் தளர்த்திப் படுங்கள். நடுங்கும் அளவுக்குக் குளிர்ந்தால் ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லத் தயங்காதீர்கள்.