மார்ச் 31-ல் முடிவதில்லை நம் வெள்ளாமை!

கணக்கு மென்பொருளைப் பட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது எப்படி?

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதிகளில் ஆவணியில் விதைத்த சம்பா, தை, மாசியில் களத்துக்கு வருகிறது. அறுப்புக்கு முன்பே வயலில் தெளித்த உளுந்து பங்குனி, சித்திரையில்தான் காசாகிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி பங்குனியில் தொடங்கி வைகாசி வரை நீள்கிறது.

ஆனால், செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் உள்ள வரவு செலவு மென்பொருள்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஜனவரி 1 அல்லது ஏப்ரல் 1-ல் புது ஆண்டு பிறந்துவிடும். உளுந்து விதைச் செலவு ஓர் ஆண்டிலும், விற்ற பணம் அடுத்த ஆண்டிலும் விழும். எந்தப் பயிர் கைகொடுத்தது என்பது கடைசி வரை தெரியாது.

இதற்காக மென்பொருளை ஒதுக்க வேண்டியதில்லை. கட்டணமின்றிக் கிடைக்கும் 'க்னூகேஷ்' கம்ப்யூட்டர் மென்பொருளை வைத்து வழிகளைச் சொல்கிறோம். மற்ற செயலிகளிலும் இவற்றில் பலவற்றைச் செய்யலாம்.

ஆண்டை மாற்றுங்கள்

'எடிட்' மெனுவில் 'பிரிஃபரன்சஸ்', அதற்குள் 'அக்கவுண்டிங் பீரியட்' என்ற பகுதி இருக்கும். அதில் தொடக்கம் ஜூலை 1, முடிவு அடுத்த ஆண்டு ஜூன் 30 என்று கொடுங்கள். சம்பா, உளுந்து, முந்திரி மூன்றும் ஒரே ஆண்டுக்குள் அடங்கிவிடும். தேதியை ஆண்டுதோறும் மாற்ற மறக்காதீர்கள். ஏப்ரல்-மார்ச் கணக்கு தேவைப்பட்டால், அறிக்கை எடுக்கும்போது மட்டும் அந்தத் தேதிகளைக் கொடுத்தால் போதும்.

பயிரே தலைப்பு

'உரம்', 'கூலி' என்று மட்டும் தலைப்பு வைத்தால் எல்லாப் பயிரும் கலந்துவிடும். 'சம்பா' என்று தலைப்பு வைத்து, அதன் கீழ் உழவு, நடவு, உரம், அறுப்பு என்று பிரியுங்கள். ஓர் ஆண்டைத் தாண்டி நிற்கும் கரும்புக்கு இது மிக அவசியம். உட்தலைப்பு வசதி இல்லாத செயலியில், குறிப்புப் பகுதியில் 'சம்பா26' போல ஒரே சொல்லை எழுதிவாருங்கள். பிறகு அந்தச் சொல்லைத் தேடிக் கூட்டிக்கொள்ளலாம்.

கடன் வரவல்ல

பயிர்க்கடனோ, நகைக்கடனோ வங்கியில் ஏறியதும் 'வருமானம்' என்று பதிந்தால் லாபம் பொய்யாகக் கூடும். 'லயபிலிட்டி' வகையில் தனிக்கணக்கு தொடங்குங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் கடனின் ஒரு பகுதியை உரமாக வாங்கினால் கையில் பணமே புழங்காது. அப்போது உரச்செலவைக் கடன் கணக்கிலிருந்து போனதாகப் பதியுங்கள். திருப்பிக் கட்டும்போது வட்டி மட்டுமே செலவு, அசல் செலவல்ல. தமிழகக் கூட்டுறவுப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி கிடையாது என்பதால், கெடு தேதிக்கு நினைவூட்டலும் வையுங்கள்.

ஆலைக்கு அனுப்பிய கரும்பை, அன்றே 'ஆலை தர வேண்டியது' என்ற கணக்கில் ஏற்றுங்கள். 1966-ம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி 14 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதத்துக்கு ஆண்டுக்கு 15 சதவிகித வட்டி உண்டு. தேதியோடு பதிவு இருந்தால்தான் கேட்க முடியும்.

பணமாக வராத வரவு

வீட்டுக்கு எடுத்துவைத்த நெல் எந்த மென்பொருளுக்கும் தெரியாது. உதாரணத்துக்கு, 25 குவிண்டால் விளைந்து 20 குவிண்டாலைக் கொள்முதல் நிலையத்தில் போடுகிறீர்கள். 2025-26 பருவத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய். கணக்கில் ஏறுவது 50,900. மீதி 5 குவிண்டாலின் மதிப்பு 12,725 ரூபாய். இதைச் சம்பா வரவாகவும், 'வீட்டுச் சாப்பாடு' செலவாகவும் ஒரே பதிவில் எழுதுங்கள்.

அதேபோல, குடும்பத்தார் 20 நாள் வேலை செய்து, அதற்கு வெளியாள் கூலி 500 ரூபாய் என்றால், 10,000 ரூபாயைச் சம்பா செலவில் ஏற்றுங்கள். எதிர்ப்பக்கம் 'வீட்டு உழைப்பு' என்ற கணக்கில் வரட்டும். நெல்லை விட்டால் பயிர் நஷ்டமாகத் தெரியும். உழைப்பை விட்டால் இல்லாத லாபம் தெரியும்.

காணியும் மூட்டையும்

மூட்டை எடை இடத்துக்கு இடம் மாறும், கிலோவிலேயே எழுதுங்கள். ஒரு காணி 1.32 ஏக்கர். காணிக்கு 33,000 ரூபாய் செலவானால் ஏக்கருக்கு 25,000. இப்படி ஓர் அளவுக்குக் கொண்டுவந்தால்தான் பக்கத்து வயலோடும் போன ஆண்டோடும் ஒப்பிட முடியும்.

வாரம் ஒருமுறை கணக்குக் கோப்பைப் பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். அடுத்த ஆடியில் குத்தகை பேசப் போகும்போது, எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதற்கு உங்கள் கையில் கணக்கு இருக்கும்.