காகிதம் எங்கே வரும்? கதவு பூட்டியிருக்கிறதா?

கம்ப்யூட்டர் அலுவலகத்தில் இருக்கிறது. அதை இயக்குகிறவர் வீட்டில் இருக்கிறார்!

இது மந்திரம் அல்ல. “ரிமோட் டெஸ்க்டாப்” என்ற வசதி. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001-ல் “விண்டோஸ் எக்ஸ்பி”யில் இதைச் சேர்த்தது. அங்குள்ள திரை இங்கே தெரியும். இங்கே தட்டும் எழுத்து அங்கே பதியும்.

விண்டோசுக்கு சாப்ட்வேர் எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது 2 கேள்விகள் கேட்க வேண்டும்.

காகிதம் எங்கே?

அச்சடிக்கச் சொன்னால் காகிதம் அலுவலகத்தில் விழுமா, வீட்டில் விழுமா? வீட்டு பிரிண்டரையும் இணைக்கும் கருவியே நல்லது. 2008-ல் வந்த “ஈசி பிரிண்ட்” இதை எளிதாக்கியது.

பூட்டு எங்கே?

2019-ல் “புளூகீப்” என்ற ஓட்டை தெரியவந்தது. பாஸ்வேர்டு தெரியாத திருடனும் பழைய விண்டோசுக்குள் நுழைய அது வழிவிட்டது!

ஆகவே கதவை இன்டர்நெட்டில் திறந்து போடாதீர்கள். இரட்டைப் பூட்டு போடுங்கள். வசதி பிறகு, பத்திரம் முதலில்!