நீலம் பாய்ந்த உளி

பொழுதுபோக்காக மரவேலை செய்ய ஆரம்பித்துப் பல வருஷம் ஆச்சு. இரும்பு வேலை பக்கம் என்னைத் தள்ளியது நானே கெடுத்த ஒரு உளி. முனை பெயர்ந்திருந்த அதைக் கிரைண்டரில் வைத்து அழுத்தித் தீட்டினேன். ஓரத்தில் நீலம் ஓடியது. பார்க்க அழகாத்தான் இருந்தது. மறுநாள் வேங்கைக் கட்டையில் வைத்துத் தட்டினால் முனை தகரம் மாதிரி மடங்கிக்கொண்டது.

மொரப்பூர் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறைக்கு எடுத்துப் போனேன். திருப்பிப் பார்த்த பெரியவர் ஒரே வரியில் சொன்னார்: "நீலம் பாஞ்சிடுச்சே தம்பி, பதம் போச்சு."

அந்தப் பதம் என்ன என்பதுதான் இந்தக் குறிப்பு. தேக்கின் உறுதி மரத்திலேயே முடிந்துபோன விஷயம். நாம் அதைத் தேர்ந்தெடுக்கலாம், கூட்ட முடியாது. எஃகு அப்படியில்லை. ஒரே துண்டை வளையும்படி மென்மையாகவும் ஆக்கலாம், கண்ணாடி போல உடையும்படி கடினமாகவும் ஆக்கலாம். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

காரணம் அதில் கலந்திருக்கும் கார்பன். எஃகு செக்கச்சிவக்கப் பழுக்கும்போது உள்ளே படிக அமைப்பு மாறி, கார்பன் இரும்புக்குள் கரைந்துவிடும். மெதுவாக ஆறினால் அது தனியே பிரிந்துவிடும், எஃகு மென்மையாகும். சட்டென்று எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கினால் பிரிய நேரமில்லாமல் சிக்கிக்கொள்ளும். அந்த இறுக்கம்தான் கடினம். கட்டடக் கம்பியில் கார்பன் குறைவு, அதனால் அதில் நல்ல உளி செய்ய முடியாது.

சூடு போதுமா என்று பார்க்க ஒரு காந்தம் போதும். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டாது. அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் பழுக்கவிட்டு முக்க வேண்டும்.

முக்கிய உளி அப்படியே இருந்தால் ஒரு தட்டில் தெறித்துவிடும். அதனால் மறுபடி லேசாகச் சூடாக்கி இளக்க வேண்டும். பளபளவென்று தேய்த்த பரப்பில் நிறம் ஏறுவது தெரியும்: சுமார் 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 260ஐ ஒட்டிப் பழுப்பு, 300ஐ நெருங்கினால் நீலம். மர உளிக்கு வைக்கோல் நிறத்தோடு நிறுத்த வேண்டும். நீலம் வந்தால் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். நான் கிரைண்டரில் செய்தது இதைத்தான். லாரி ஸ்பிரிங் பட்டை வளைந்து மீள வேண்டியது, அதனால் அதை இன்னும் அதிகச் சூட்டில் இளக்கியிருப்பார்கள். அதே பட்டை அரிவாளாக வேண்டுமானால் புதுப் பதம் ஏற்ற வேண்டும்.

நம்ம பக்கத்துக்கு இது புதுசு இல்லை. 2004 வரை தர்மபுரி மாவட்டத்தில் இருந்த பகுதியில்தான் மயிலாடும்பாறை இருக்கிறது. அங்கே அகழ்ந்த இரும்புக் காலத்தின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது.

மரவேலைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மரத்தூள் கிடக்கும் இடத்தில் கிரைண்டர் ஓட்டாதீங்க. பொறி தூளுக்குள் புகைந்து, நாம் வீட்டுக்குப் போன பிறகு பற்றிக்கொள்ளும். இரண்டுக்கும் தனி இடம் வேண்டும்.

பெரியவர் என் உளியை மறுபடி பழுக்கவைத்து, முக்கி, இளக்கிக் கொடுத்தார். மரத்தில் அதிகமாக அறுத்துவிட்டால் துண்டு போச்சு. இரும்பில் கெடுத்த பதத்தைத் திரும்ப ஏற்றலாம். இப்போ தீட்டும்போது பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணி வைத்துக்கொள்கிறேன். கைக்குச் சூடு தெரிந்ததும் முக்கிவிடுவேன்.