ஏழாம் மாசமா, எட்டாம் மாசமா?

போன மாசம் ஒரு சாயங்காலம் சின்னவன் கோயமுத்தூர் ஹாஸ்டலில் இருந்து கூப்பிட்டான். காலேஜில் ரத்ததான முகாமாம். கொடுக்கப் போனவனுக்கு பிபி பார்த்துவிட்டு, "146க்கு 94 இருக்கு தம்பி, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். "ம்மா, வீட்டுல யாருக்காச்சும் பிரஷர் இருக்கான்னு கேட்டாங்க. அப்பிச்சிக்கு இருந்துச்சுல்ல?"

இருந்துச்சு என்றேன். உப்பைக் குறை, ராத்திரி ரொம்ப நேரம் முழிச்சிருக்காதே என்று எல்லா அம்மாவும் சொல்வதைச் சொல்லி போனை வைத்தேன். வைத்த பிறகுதான் சுருக்கென்றது. பீரோவுக்குள் பத்தொன்பது வருஷமாக ஒரு மஞ்சப்பையில் கிடக்கும் டிஸ்சார்ஜ் சம்மரிகளை எடுத்தேன். 2006 மார்ச். இரட்டைக் குழந்தைகள், 30 வாரம் 2 நாள். பெண் 1280 கிராம், பையன் 1190 கிராம்.

நான் டாக்டர் இல்லை. ஈரோட்டில் ஒரு கல்லூரியில் நூலகர். அடுத்தவர்களுக்குத் தேடிக் கொடுத்தே பழகியவள், இந்த இரண்டு வாரம் எனக்காகத் தேடினேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். குறைமாசத்தில் பிறந்து இப்போது மீசை முளைத்த பிள்ளைகள் உள்ள வீடுகள் நிறைய இருக்கும்.

இரட்டை என்றாலே அவசரம்தான். பாதிக்கு மேற்பட்ட இரட்டையர்கள் 37 வாரம் முடியும் முன்பே பிறந்துவிடுகிறார்கள். மொத்தமாகப் பார்த்தால் 2020ல் உலகம் முழுக்க சுமார் 1.34 கோடிக் குழந்தைகள் குறைமாசத்தில் பிறந்தன. அதில் ஏறக்குறைய 30 லட்சம் இந்தியாவில்.

'ஏழாம் மாசத்துப் புள்ள பொழைச்சுக்கும், எட்டாம் மாசத்துப் புள்ள தங்காது' என்று நம்ம பக்கம் ஒரு பேச்சு உண்டு. எங்கம்மா ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார். 30 வாரம் 2 நாள் என்றால் 212 நாள். முப்பது நாளை ஒரு மாசமாக வைத்தால் ஏழு முடிந்து எட்டில் இரண்டு நாள். அந்த இரண்டு நாளை அம்மா ஒப்புக்கொள்ளவே இல்லை. "நீ தேதியத் தப்பாச் சொல்லியிருப்பே கண்ணு, ஏழுதான்" என்று கடைசி வரைக்கும் சாதித்தார். இது நம்ம ஊர் நம்பிக்கை மட்டுமல்ல. ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களில் எட்டாம் மாசக் குழந்தையைப் பற்றித் தனி நூலே இருக்கிறது. அதிலும் இதே கதைதான். உண்மை நேர் எதிர். வயிற்றில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஏழைவிட எட்டு நல்லது. எப்படியும் தங்காது என்று முடிவு கட்டி, கதகதப்பும் பாலும் ஒழுங்காகக் கொடுக்காமல் விட்ட எட்டாம் மாசப் பிள்ளைகள் எத்தனையோ என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

முதல் கண்டம் நுரையீரல். ஈரமான பாலிதீன் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டால் ஊதிப் பிரிப்பது எவ்வளவு கஷ்டம்? குறைமாசக் குழந்தையின் நுரையீரலில் உள்ள காற்றுப்பைகளின் நிலை அதுதான். அவை ஒட்டாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழவழப்பான பொருள் அதற்கு இன்னும் போதுமான அளவு சுரந்திருக்காது. 1963ல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் இதனால்தான் 39 மணி நேரத்தில் இறந்தான். அவன் எடை இரண்டு கிலோவுக்கு மேல். என் பையனைவிடக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கூட. அதிபர் வீட்டில் முடியாதது ஈரோட்டில் முடிந்ததற்கு நடுவில் சில பேர் இருக்கிறார்கள். நியூசிலாந்தின் லிகின்ஸ் ஆடுகளை வைத்துப் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த ஆட்டுக்குட்டி ஒன்று, பிழைக்கவே முடியாத அளவுக்கு முன்னால் பிறந்தும் மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டு அவரும் ஹோவியும் 282 தாய்மார்களிடம் சோதித்து 1972ல் முடிவை வெளியிட்டார்கள். பிரசவத்துக்கு முன்னால் தாய்க்குப் போடும் ஊசி, குழந்தையின் நுரையீரலை முற்ற வைக்கிறது. அமெரிக்காவிலேயே இதை எல்லோரும் போட வேண்டும் என்று பரிந்துரைக்க 1994 ஆகிவிட்டது. சர்ஃபாக்டன்ட்டையே மருந்தாகக் கொடுக்கலாம் என்று 1980ல் ஜப்பானின் ஃபுஜிவாரா காட்டினார். என் பிள்ளைகளுக்கு இரண்டுமே கிடைத்தன. அந்தக் குப்பி ஒன்றின் விலை அன்றைக்கு என் சம்பளத்தைவிட அதிகம். பெண் மறுநாளே தானாக மூச்சு விட்டாள். பையனுக்கு வென்டிலேட்டர் நாலு நாள். "பொண்ணு தாங்கிக்கும்க்கா, பையன்தான் சோதிப்பான்" என்று நர்ஸ் சொன்னது வெறும் ஆறுதல் இல்லை. ஆண் குழந்தைகளின் நுரையீரல் கொஞ்சம் பிந்தித்தான் முற்றுகிறது.

எனக்கு இன்றும் கை நடுங்குவது நுரையீரலுக்காக அல்ல, கண்ணுக்காக.

விழித்திரையின் ரத்தக் குழாய்கள் 16வது வாரம் போல நடுவிலிருந்து கிளம்பி, ஓரம் வந்து சேர 40 வாரம் ஆகிறது. பாதி வழியில் குழந்தை வெளியே வந்துவிட்டால், உயிரைக் காக்கக் கொடுக்கும் ஆக்சிஜனே அந்த வளர்ச்சியை நிறுத்திவிடக்கூடும். பிறகு குழாய்கள் தாறுமாறாக முளைத்து விழித்திரையை இழுத்துப் பிய்க்கும். ஆர்ஓபி என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாக, சாதாரணமாகத்தான் இருக்கும். அதுதான் கொடுமை. 34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, 30 நாளைக்குள் கண் பரிசோதனை செய்தாக வேண்டும்.

எங்களை 33வது நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சம்மரியின் நாலாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது, ஆங்கிலத்தில், மூன்று எழுத்துச் சுருக்கமாக. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நூலகராக இருந்தும் நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. 36வது நாள் எடை பார்க்கப் பக்கத்து கிளினிக்குக்குப் போனபோது, ஒரு சின்னப் பொண்ணு, புது நர்ஸ், "ஏனுங்க்கா, கண்ணு காட்டிட்டீங்களா?" என்று கேட்டாள். மூணு மாசம் ஆகாம புள்ளைகள வெளியூருக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாது என்று அம்மா வாசலை மறித்தார். ஆளுக்கொரு குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நானும் வீட்டுக்காரரும் கோயமுத்தூர் போனோம். பெண்ணுக்கு ஒன்றுமில்லை. பையனுக்கு இரண்டு கண்ணிலும் மறுநாளே லேசர். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

அந்த வாக்கியத்தின் மீதியை நான் 2015ல் செய்தித்தாளில் படித்தேன். 1996ல் சென்னை அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1250 கிராம் எடையில் பிறந்த ஒரு பெண் குழந்தை. இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. பார்வை போய்விட்டது. அவள் அப்பா பல வருஷம் வழக்கு நடத்தி, உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. கோவை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுவினர் கேமராவை எடுத்துக்கொண்டு சுற்று மாவட்டங்களின் குழந்தைகள் வார்டுகளுக்கே போய்ப் பார்க்கிறார்கள்.

சரி, பிபிக்கு வருகிறேன். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள், ஒரு சிறுநீரகத்துக்குச் சராசரியாகப் பத்து லட்சம். கர்ப்பத்தின் 36வது வாரம் வாக்கில் அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஆயுசுக்கும் புதிதாக ஒன்றுகூட முளைக்காது. 30 வாரத்தில் பிறந்தால் வெளியே வந்த பிறகும் சில வாரம் உருவாகும் என்றாலும், முழுக் கணக்கு வருவது சிரமம். குறைவான ஆட்கள் கூடுதல் வேலை பார்க்கிற பட்டறை மாதிரி. குறைமாசத்தில் பிறந்து பெரியவர்களானவர்களுக்கு ரத்த அழுத்தம் மற்றவர்களைவிடச் சராசரியாக மூன்று நாலு புள்ளி கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. பெரும்பாலானவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். என் பையனுக்கு வந்தது இதனால்தானா, அப்பிச்சி வழியா, பரோட்டாவா, ஒரு அளவை வைத்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்தத் தகவல் டாக்டர் கையில் இருக்க வேண்டும். நான் இதுவரை பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் நிரப்பிக் கொடுத்த ஒவ்வொரு மருத்துவப் படிவத்திலும் 'முந்தைய நோய்கள்: இல்லை' என்றுதான் எழுதியிருக்கிறேன். பிழைத்துவிட்டார்கள், அதைப் பேசிக் கண்ணுபடுவானேன் என்ற எண்ணம். அம்மா அந்த இரண்டு நாளை மறைத்த மாதிரிதான்.

ஞாயிற்றுக்கிழமை சம்மரியைப் பார்த்து ஒரு பக்கம் எழுதி அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். 30 வாரம் 2 நாள். 1190 கிராம். சர்ஃபாக்டன்ட் ஒரு தடவை. வென்டிலேட்டர் நாலு நாள். இரண்டு கண்ணிலும் லேசர், வருஷா வருஷம் விழித்திரை பார்க்க வேண்டும். காலேஜ் சேர்ந்ததிலிருந்து அவன் அதற்குப் போகவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சோடாபுட்டிக் கண்ணாடி பிறவியிலேயே வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தானாம்.

"இத்தன நாளா ஏம்மா சொல்லல?" என்று கேட்டான். பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெரியவளிடமிருந்து மெசேஜ் வந்தது. "தம்பிக்கு அனுப்பினது பாத்தேன். என்னோடது எங்க?"