இலாப ஒப்பனையும் பங்கு முதலின் விலையும்

புங்குடுதீவு, வேலணை முதலிய தீவக ஊர்களின் வணிகர் தென்னிலங்கை நகரங்களிற் கடை திறந்த காலத்தில், உறவினரும் ஊரவரும் அவரோடு பங்கு சேர்ந்து முதலிடுதல் வழக்கம். முதலிட்டவன் கடைக்காரனை அறிவான். ஐயமுற்றாற் கணக்குப் புத்தகத்தையே விரித்துப் பார்ப்பான். பகிரங்கக் கம்பனியின் பங்காளிக்கு அவ்வாய்ப்பில்லை. அச்சிட்ட ஆண்டறிக்கையே அவனுக்குக் கண்.

அக்கண்ணை மங்கச் செய்யும் வழிகள் பல. இயந்திரத்தின் ஆயுளை நீட்டி மதித்துப் பெறுமானத் தேய்வைக் குறைக்கலாம். அறவிட முடியாக் கடனுக்கான ஒதுக்கத்தைச் சுருக்கலாம். வரவேண்டிய வருமானத்தை முந்திப் பதியலாம். இவற்றுட் சில விதிக்குள் அடங்குவன. சில வெறும் பொய். இடையிலுள்ள வேலி உயரமானதன்று.

கடனுக்கு வட்டி உண்டு. பங்கு முதலுக்கு இல்லை. ஆதலின் அஃது இலவசம் எனக் கருதுவாருளர். அது தவறு. பங்காளி எதிர்பார்க்கும் ஊதிய வீதமே அம்முதலின் விலையாகும். ஆண்டுக்கு 10 ரூபா ஈட்டித்தரும் பங்கிற்கு, 10 வீதம் எதிர்பார்ப்பவன் 100 ரூபா கொடுப்பான். கணக்கில் ஐயங்கொண்டு 12.5 வீதம் வேண்டுபவனோ 80 ரூபாவே கொடுப்பான். பத்து இலட்சம் ரூபா திரட்டப் பதினாயிரம் பங்கு போதுமாயிருந்த கம்பனி, இப்போது 12,500 பங்கு விற்கவேண்டும். பழைய பங்காளியின் உரிமை அவ்வளவிற்குத் தேய்கின்றது. எந்தக் கணக்கேட்டிலும் இச்செலவு எழுதப்படுவதில்லை.

அறிஞரிடை இதிற் கருத்து வேற்றுமை உண்டு. இலாபக் கணக்கின் தரம் தாழ முதலின் விலை ஏறும் என பிரான்சிஸ் முதலிய நால்வர் 2005இல் எழுதினர். சந்தை அவ்வாறு விலையிடுவதற்குச் சான்றில்லை என கோர், குவே, வெர்டி ஆகியோர் 2008இல் மறுத்தனர்.

அடுத்த ஆண்டே ஐதராபாத்துச் சத்தியம் கம்பனியின் கதை வெளிப்பட்டது. 2009 சனவரி 7இல் அதன் தலைவர் இராமலிங்க ராஜு ஒப்புக்கொண்டவாறு, 2008 செப்டம்பர்க் காலாண்டின் தொழிற்பாட்டு இலாபம் 649 கோடி எனக் காட்டப்பட்டது; உண்மையில் 61 கோடியே. ஆரம்பத்திற் சிறிதாயிருந்த இடைவெளியே ஆண்டுதோறும் பெருத்ததென்பது அவர் கூற்று. ஏறத்தாழ 179 ரூபாவிலிருந்த பங்கு அன்றே 40 ரூபாவாயிற்று. இவ்வீழ்ச்சி முழுவதையும் முதலின் விலையேற்றம் என்றல் பொருந்தாது. இல்லாத இலாபம் மறைந்தமையே பெருங்காரணம். ஆயின் அந்நாளில் மும்பாய்ச் சந்தைச் சுட்டெண்ணும் 7 வீதத்துக்கு மேல் இறங்கியது. பொய்க்கணக்கு எழுதாத கம்பனிகளின் பங்குகளும் அவ்விறக்கத்துக்குத் தப்பவில்லை.